ஒடிந்த ஊசியின் படம்

அன்புள்ள அம்மாவுக்கு, வேல்விழி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம்.

அண்ணன் ஓட்டும், பனியன் துணி பின்னும் மெஷினில் ஊசி ஒடிந்து துணி வீணானது. பழி அண்ணன் மேல் விழுந்தது. பள்ளியிலிருந்து கோவைக் கல்லூரியைப் பார்க்கக் கூட்டிப் போனபோது அந்த ஊசியை அங்கே ஆய்வகத்தில் கொடுத்தேன். அதன் எஃகை மெல்லிதாக்கி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைத் தபாலில் அனுப்பினார்கள். அணுவரிசை பிசகிய இடங்கள் கறுப்புக் கோடுகளாக இருந்தன. பல நாளாக உள்ளே சேர்ந்த பிசகு, ஓட்டியவர் தவறல்ல என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளியிடம் காட்டினேன். “ஏனுங்க ராமரு, தங்கச்சிய வெச்சு எனக்குப் பாடம் நடத்தறீங்களா?” என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். மறுநாளே அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

“ஒன்ன யாரு காட்டச் சொன்னா? படிச்சது போதும், திங்கக்கெழமை பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போ” என்கிறான் அண்ணன்.

பயமாக இருக்கிறது, அம்மா. அவள் படிப்பை நிறுத்தாதே என்று நீங்களாகவே அவனுக்கு எழுதுங்கள். ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் யூனிஃபார்ம் தாவணி கொடுத்தனுப்புங்கள். அண்ணன் புரண்டு படுக்கிறான், விளக்கை அணைக்கிறேன். நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.