பொழுதோட வைத்த கலவை

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் இன்று காலை அந்தக் கந்தகப் புட்டியை, காற்றை உறிஞ்சும் கூண்டுக்கு வெளியே வைத்துத் திறந்துவிட்டாள். அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கு அது உன் வாசனை. இதைக் கேட்டிருந்தால் என் முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

நாள் பார்த்துத்தான் நாறியிருக்கிறது. நம் புற்றுநோய் மருந்தை முதன்முதலாக ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் இரத்த முடிவுகள் இன்று மாலை வருகின்றன. நீயும் நானும் போட்ட முடிச்சு மனித உடம்புக்குள் தாக்குப்பிடித்ததா, பாதி வழியில் அவிழ்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். எனக்குப் பயமில்லை. முடிச்சு தாங்கியிருக்கும். ஆனாலும் காலையிலிருந்து காபிமேல் காபியாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். பேச நீ இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் புட்டியால் உன் மானம் போன கதையை மறக்க முடியுமா? திருப்பருத்திக்குன்றத்தில் உங்கள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது, வெங்காயம்கூட யோசித்துத்தான் உள்ளே வரும். அப்படிப்பட்ட சமண வீட்டின் மருமகள் தினமும் துப்பட்டாவில் முட்டை நாற்றத்தோடு வந்து இறங்கினால் மாமியார் என்ன நினைப்பார்? கம்பெனியில் திருட்டுத்தனமாக ஆம்லெட் சாப்பிடுகிறாய் என்று முடிவே கட்டிவிட்டார். சாட்சி சொல்ல நீ என்னைக் கூட்டிப்போனாய். நல்ல ஆளைப் பிடித்தாய். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் முட்டைக் குழம்பு. "எனக்கு முட்ட வாசன நல்லாத் தெரியும் மா, இது அது இல்ல" என்று நான் ஆரம்பித்ததும் அவர் என்னிடமிருந்து ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தார்.

கடைசியில் நீயே சொன்னாய். நீ நம் வேலையை அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

"புத்துநோய் செல்லு எதுன்னு தேடிக் கண்டுபுடிக்கிற புரதம் ஒண்ணு இருக்குது அத்த, ஆன்டிபாடின்னு பேரு. அதும் முதுகுல வெசத்தக் கட்டி அனுப்பறோம். வழியில அவுரக் கூடாது. போயி உள்ள சேந்தப்புறம் அவுந்தே ஆவணும். அந்த முடிச்சுதான் என் வேல. புரதத்துல முடிச்சு போட கொக்கி தொறக்கணும், அதுக்குதான் இந்த நாத்தம் புடிச்ச மருந்து."

மாமியார் உன் பக்கம் திரும்பினார். "வழியில போறவங்க மேல படக் கூடாது, அதானே?" என்று கேட்டார். நீ ஆமாம் என்றாய். "அப்ப செரி. குளிச்சிட்டு உள்ள வா" என்றார். அதன்பிறகு வழக்கு தள்ளுபடி.

அந்த ஒரு வாக்கியத்தை நீ ஆய்வகத்துக்கே கொண்டுவந்துவிட்டாய். கூட்டத்தில் யாராவது வரைபடத்தைக் காட்டி முடிச்சு ஓரளவு நிற்கிறது என்று சொன்னால், வழியில் போகிறவர் யார் மேல் படுகிறது என்று கேட்பாய். கேலி மாதிரி இருக்கும். ஆனால் எலும்பு மஜ்ஜையும் நரம்பும் குடலும்தான் அந்த வழிப்போக்கர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் முடிச்சு நிற்கவில்லை. அதுதான் உண்மை. கண்ணாடிக் குழாயில் மனித இரத்தத்தின் தெளிநீரான சீரத்தோடு சேர்த்து உடம்புச் சூட்டில் வைத்தால், நாள் போகப் போக நஞ்சு நம் ஆன்டிபாடியை விட்டு நழுவி, இரத்தத்தில் சும்மா சுற்றும் வேறொரு புரதத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. தலைமை விஞ்ஞானி பொறுமைசாலிதான், அவருக்கே போதும் போதும் என்றாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் வழி தெரியாவிட்டால் இந்த முடிச்சைக் கைகழுவிவிடலாம் என்றார்.

அது மார்கழி. சீக்கிரம் இருட்டிவிடும். பொழுது சாய்ந்த பிறகு நீ எதுவும் சாப்பிடமாட்டாய். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர் எதுவும் சோற்றோடு சேர்ந்து செத்துவிடக் கூடாது என்பது உங்கள் வழக்கம். எந்தச் சோதனை எந்தக் கட்டத்தில் இருந்தாலும், "பொழுதோட சாப்ட்டு வந்துர்றேன்பா" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அன்றும் அப்படித்தான் கிளம்பினாய். முடிச்சுப் போட்ட ஆன்டிபாடிக் கலவை லேசான காரக் கரைசலில் இளஞ்சூடான தட்டின்மேல் இருந்தது. திரும்பி வந்து அதன் காரத்தைத் தணித்து, குளிரில் எடுத்து வைத்திருக்க வேண்டும். நீ சாப்பிட்டு முடிப்பதற்குள் கம்பெனி பேருந்து ஹாரன் அடித்தது, ஓடி வந்து ஏறினாய். வாலாஜாபாத் தாண்டும்போதுதான் தலையில் கை வைத்தாய்.

மறுநாள் கொட்டிவிடச் சொன்னார்கள். ராத்திரி முழுக்கக் காரத்தில் ஊறியது எதற்கு ஆகும்? நீ கேட்கவில்லை. "கெட்டுப் போச்சுன்னு சொல்றதுக்கும் ஒரு தபா பாக்கணும் இல்லியா?" என்று அதையும் சீரத்தில் போட்டாய்.

அது நழுவவே இல்லை. ஆன்டிபாடியோடு முடிச்சு சேரும் இடத்தில் இருந்த சின்ன வளையம், ராத்திரி முழுக்கக் காரத்தில் இருந்ததில் மெல்லத் திறந்து நீரை ஏற்றுக்கொண்டிருந்தது. திறந்த வளையத்துக்குத் திரும்பிப் போகும் வழி கிடையாது. இப்படி நடக்கும் என்று உலகத்தில் வேறு சிலர் முன்பே எழுதியிருந்தார்கள். நம் முடிச்சில் அது இவ்வளவு நிதானமாக நடக்கும் என்று நமக்குத்தான் தெரியவில்லை, நாம் அவசரப்பட்டுக் குளிரில் வைத்துக்கொண்டிருந்தோம். மறுமுனை வழக்கம்போல் செல்லுக்குள் போனதும் அறுந்து நஞ்சை விட்டது. ராத்திரி முழுக்கக் காரத்தில் ஊறவைக்கும் அந்தப் படிக்குக் காகிதத்தில் ஏதோ பெயர் இருக்கிறது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது 'பொழுதோட' தான். தமிழ் தெரியாதவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

பிறகு உனக்கே நோய் வந்தது. கணையத்தில். நம் ஆன்டிபாடி தேடுகிற புரதம் உன் கட்டியில் இருக்குமா என்று பார்க்கச் சொல்லி மருத்துவரை நான் நச்சரித்தேன். மருந்து இன்னும் மனிதர்களுக்குப் போகாத காலம். இருந்தாலும் ஏதாவது கதவைத் தட்டலாம் என்று இருந்தேன். அந்தப் புரதம் இல்லை என்று வந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடமோ சண்டை போட்டேன். பொழுது சாய்வதற்குள் உனக்கு இட்லி கொண்டுவர வேண்டும் என்பதால் அதையும் பாதியில் விட்டுவிட்டு வந்தேன்.

உனக்குக் கொடுத்தது பழைய வகை மருந்து. நோயையும் அடித்தது, உன்னையும் அடித்தது. வாயெல்லாம் புண். இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் விழுங்கிவிட்டு, "வழியில போறவங்க மேல படறதுன்னா இன்னான்னு இப்பத்தான்பா தெரியுது" என்றாய். நான் அழுதேன். உனக்கு அது பிடிக்கவில்லை.

"அந்த மருந்து தேடற அட்ரஸே எங்கிட்ட இல்ல, வுடு. இருக்கிறவங்களுக்கு ஒழுங்காப் போய்ச் சேரட்டும்" என்றாய்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே முடிவுகள் வந்துவிட்டன. படித்தேன். தலைமை விஞ்ஞானியும் படித்தார், திரும்ப ஒருமுறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோயாளிகளின் இரத்தத்தில் அவிழ்ந்து திரியும் நஞ்சு அவ்வளவு குறைவு, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முடிச்சு நிற்கிறது. கட்டி கரைகிறதா என்பது இனிமேல் தெரியும், அதற்கு நாளாகும், நான் காத்திருப்பேன். ஆனால் முகம் தெரியாத யாரோ ஒரு பெண் இன்று வாயில் புண் இல்லாமல் சோறு சாப்பிட்டிருக்கிறாள். அது எனக்கு நிச்சயம்.

எல்லோரும் கேக் வருவதற்காகக் காத்திருந்தார்கள். சன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நான் அடுத்த கலவையைத் தட்டின்மேல் வைத்தேன், டப்பாவை எடுத்தேன். உன் மதத்துக்கு நான் மாறவில்லை, ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் கலவை வைக்கிற நாளில் நான் பொழுதோட சாப்பிட்டுவிடுகிறேன்.

பேருந்தில் நீ வழக்கமாக உட்காரும் பக்கத்து இடத்தில் உட்கார்ந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பையில் முட்டை ஏதாவது உடைந்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்லமா, எங்கூட வேல பாக்கறவங்களோட வாசன" என்றேன். அவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். காஞ்சிபுரம் வரும்வரை உன் இடம் காலியாகவே வந்தது.