ஊமைப்படத்தில் கத்தியவன்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, அந்தக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதானே வேலைக்குப் போகிறாய். போனில் பேசினால் உன் தம்பி அந்தோணி பக்கத்திலிருந்து கேட்டுவிடுவான், அதனால்தான் இதை எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

போன ஞாயிறு நம் மாதா கோயில் ஹாலில் நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப்படம் ஒன்று போட்டார்கள். யாரோ வெள்ளைக்காரர் நம் பாலாற்றில் எடுத்ததாம். கதை எதுவும் இல்லை, ஆற்று வேலைதான். துணி துவைக்கிறார்கள், மாட்டுவண்டி தண்ணீரைக் கடக்கிறது, நாலு பேர் முழங்கால் ஆழத்தில் நின்று தோல் அலசுகிறார்கள். அப்போது கரையில் ஒருவன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். நமக்குத்தான் டாட்டா காட்டுகிறான் என்று பிள்ளைகள் திருப்பிக் காட்டினார்கள், நானும் காட்டினேன். உன் அப்பா மட்டும் எழுந்து நின்று, "மேல ஏறுங்கடான்றான், வெள்ளம் வருதுன்றான்" என்றார். அப்பாவோடு வேலை பார்த்த சத்தார் பாய், "ஊமைப்படத்துல உனக்கு மட்டும் இன்னா கேக்குது இன்பராஜு" என்று கேட்க ஹாலே சிரித்தது. தோல் ஷாப்பில், தோல் பதனிடும் டிரம் ஓடும் இரைச்சலில் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவர் அப்பா, உனக்குத் தெரியாததா. அந்த நாலு பேரும் அவன் பக்கம் திரும்பவே இல்லை, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். அதோடு படம் அறுந்துவிட்டது.

அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் அந்தோணி. பூட்டிக் கிடக்கிற ஒரு தோல் ஷாப்பின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யத் திங்கட்கிழமை உள்ளே இறங்கப் போகிறான். ஆள் இறங்கி வேலை செய்வதைக் காட்ட முதலாளிக்கு வீடியோ அனுப்ப வேண்டுமாம், "மூஞ்சி தெரியற மாதிரி சிரிச்சிக்கினே எறங்கு" என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதற்காக முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான், ஷர்மி. உள்ளே விஷவாயு இருக்கும்டா என்று அப்பா கெஞ்சினால், "படத்த பாத்துட்டு பேஜார் பண்ணாதப்பா" என்கிறான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்கு வெட்கம். நேற்று நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். வளாகம் முழுக்கப் புல் மண்டிக் கிடக்கிறது, தொட்டி வாயைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை.

நீ சொன்னால் கேட்பான். வீடியோ காலில் வராதே, சிரித்தே மழுப்பிவிடுவான். சும்மா போன் போடு, வேண்டாம்டா என்று அவன் காதில் விழும்படி சொல். அழுகை வந்தாலும் அடக்காதே, அதுவும் அவனுக்குக் கேட்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும். ஞாயிறு தாண்டவிடாதே, மகளே.

உன் அம்மா,
மரியம்மாள்