அக்கா வேடம்

செப்டம்பர் 12

அன்பு அக்காவுக்கு,

இங்கே நலம். என் அறை மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சமையலறைக்குள் கை நீட்டலாம். நாடகப் பள்ளி இன்னும் திறக்கவில்லை. இரண்டு வாரமாக ஊர் சுற்றல்தான். பாலத்தில் நின்று படகு பார்த்தேன். கோட்டைப் படி ஏறி மூச்சு வாங்கினேன். அருங்காட்சியகத்தில் வழி தவறி, திரும்பத் திரும்ப ஒரே சிலையிடம் வந்து நின்றேன். காவலாளி சிரித்துவிட்டார்.

நேற்று பெரிய அரங்கில் முதல் நாடகம். மலிவான இருக்கை என்றால் தூணுக்குப் பின்னால் என்று யாரும் சொல்லவில்லை. நாயகன் தூணுக்கு அந்தப் பக்கம் போய்ச் செத்தான். பக்கத்து இருக்கை அம்மா மூக்கைச் சிந்திய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது!

ஒரு குறை. எப்போது போன் செய்தாலும் மாமாதான் எடுக்கிறார். "உங்க அக்கா குளிக்கிறா", "இப்பதான் தூங்கினா". ரயில் நிலையத்தில் ஊருக்கெல்லாம் அறிவிப்புச் சொல்கிற வாய்க்கு, தங்கச்சியிடம் ரெண்டு வார்த்தை பேச முடியாதா?

உன் வாயாடி

அக்டோபர் 10

என் வாயாடிக்கு,

நாயகன் செத்த இடத்தைப் படித்து மாமாவுக்கு டீ புரையேறிவிட்டது. போனில் பேசுவது காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் வேண்டியபோது எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுது.

என்னை அறிவிப்பு அறையிலிருந்து பார்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மைக்குக்குப் பதில் தராசு. மூட்டையை எடை போட்டுச் சீட்டு ஒட்டுகிறேன். இதுவும் ஒரு மாறுதல்தானே. நீ நிறைய நாடகம் பார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

நவம்பர் 2

அக்கா,

உன் 'மாறுதல்' எனக்குச் செரிக்கவில்லை. காய்ச்சல் வந்தால்கூட அந்த மைக்கை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்காதவள் நீ. நேற்று மாமாவைப் போனில் விடாமல் பிடித்தேன். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காம்மா" என்றவர், உடைந்தே போனார். நான் விமானம் ஏறிய மறுநாளே உனக்குக் கழுத்தில் ஆபரேஷன். கட்டியோடு குரலும் போய்விட்டது. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நீ. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் இங்கே சிலை பார்த்துக்கொண்டிருந்தேன்! படிப்பு கிடக்கட்டும். டிக்கெட் பார்க்கிறேன்.

நவம்பர் 20

வாயாடிக்கு,

வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். மாமாவையும் திறக்க விட மாட்டேன்.

கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. முன்பே சொல்லியிருந்தால் நீ பெட்டியைக் கட்டியிருப்பாயா? ஆரம்பத்தில் அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் வேறொருத்தி குரல் கேட்டால் இன்னும் என்னவோ செய்கிறது. ஆனால் அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க நீ பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் நான். ஒழுங்காகப் படி.

அக்கா

பிப்ரவரி 16

அன்பு அக்காவுக்கு,

தனிநடிப்புத் தேர்வில் நான்தான் முதல்! என்ன வேடம் தெரியுமா? நீதான். ஒரு நாற்காலி, ஒரு மைக், கழுத்தில் சுற்றிய துணி. வாய் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. மறுபடி திறக்கிறேன். கடைசியில் மைக்கைக் கட்டிக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதுவிட்டார்கள். எங்கள் ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் பெரிய அரங்கிலேயே மேடையேற்றுகிறார்கள். போஸ்டர் எல்லாம் அடித்தாகிவிட்டது!

உன் வாயாடி

மார்ச் 3

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

நான் சரிந்து உட்கார்ந்ததை நீ எப்போது பார்த்தாய்?

அக்கா

மார்ச் 19

அன்பு அக்கா,

நான் மேடையேறவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியைக்குக் கடுங்கோபம்.

"போஸ்டர் ஒட்டினப்புறம் இப்படிச் சொன்னா எப்படி? நடிக்கிறவ ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் அனுமதி கேட்டுக்கிட்டிருப்பாளா?"

"அவங்க எங்க அக்கா. நான் கேட்டிருக்கணும்."

என் இடத்தில் வேறு மாணவன் வேறொரு தனிநடிப்பு நடித்தான். போய்ப் பார்த்தேன். நன்றாகவே செய்தான். கைதட்டினேன், வயிறு எரிந்தது. வெளியே வந்து ஆற்றோரம் நடக்கும்போதுதான் உறைத்தது: குரல் போன பிறகு நீ எப்படி இருக்கிறாய் என்றே எனக்குத் தெரியாது. தேர்வில் அழுதது நீ இல்லை, நான்தான். உன் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கோபம் தீரும்வரை திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வாயாடி

ஏப்ரல் 6

வாயாடிக்கு,

பாதிக் கோபம் போயிற்று. மீதியை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

நேற்று நடந்ததைக் கேள். ஒரு வியாபாரி, தான் அனுப்பிய கண்ணாடிச் சாமான் உடைந்துவிட்டது என்று மேசையைத் தட்டிக் கத்தினார். கட்டின லட்சணம் அப்படி என்று கையால் காட்டினேன். "ஊமைகிட்ட எனக்கென்ன பேச்சு, மேலதிகாரியைக் கூப்பிடு" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். அந்த மனிதர் எப்படிப் பெட்டி கட்டியிருப்பார் என்று செய்து காட்டினேன். கொட்டாவி விட்டேன். ஒரே ஒரு காகிதத்தைக் கிழித்து உள்ளே திணித்தேன். கயிற்றைத் தேடி, கிடைக்காமல், இடுப்பு நாடாவை உருவுவதுபோல் உருவிக் கட்டினேன். சுமை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா, ஆளை விடு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

குரல் இருந்த காலத்தில் நான் இவ்வளவு சத்தம் போட்டதே இல்லை.

விடுமுறைக்கு வா. கவுண்டர் ஓரம் ஒரு ஸ்டூல் போட்டுத் தருகிறேன். உட்கார்ந்து என்னை நன்றாகப் பார். பிறகு எந்த மேடையில் வேண்டுமானாலும் என்னை நடி, முழுச் சம்மதம். ஆனால் மறுபடி சரிந்து உட்கார்ந்தாயோ, மேடைக்கே ஏறி வந்து காதைத் திருகுவேன்.

உன் அக்கா