கிண்ணத்தில் துடிக்கும் அப்பா

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் வாய் அதைவிட நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசைமேல், அப்பாவின் ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து வளர்த்த தசைத் துண்டை ஒட்டப்போகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, அது தயாராகிவிட்டது. ஆனால் சம்மதக் கையெழுத்துக் கேட்டால் அப்பா நழுவிக்கொண்டே இருந்தார். "ஒட்டுப்போட நான் என்ன சைக்கிள் டியூபா" என்று கேலி வேறு. பயம்தான், எனக்குத் தெரியாதா. இன்னும் சோதனையில் இருக்கும் சிகிச்சை, பலன் நிச்சயமில்லை, விட்டாலோ மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். உன் அம்மா இருந்திருந்தால் அதட்டியே கையெழுத்து வாங்கியிருப்பார், எனக்கு அதட்ட வராது.

நேற்று ஆய்வகத்துக்கு அழைத்தார்கள். ஒட்டப்போகும் துண்டை வெளியே எடுக்கக் கூடாதாம், அதனுடன் வளர்ந்த மாதிரித் துண்டு ஒன்றை, அங்கே வேலை பார்க்கும் உன் வயதுப் பெண் வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து கிண்ணத்தோடு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். துடித்தது. அவ்வளவுதான், அப்பா ஆரம்பித்துவிட்டார். அது என்ன சாப்பிடும், ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா, கோபம் வருமா. அவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்ல, நானும் சேர்ந்துகொண்டேன். மறுபடி பார்த்தால் அசைவே இல்லை. அப்பா வாயடைத்து நின்றதை நேற்றுதான் பார்த்தேன், என் கை தானாக அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, "பேச்சு சுவாரஸ்யத்துல வெளியவே வச்சுட்டேன் சார், ஆறிப்போச்சு, சூடு பட்டா சரியாயிடும்" என்று பெட்டிக்குள் வைத்தாள். மூவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்ப எடுத்தபோது முதலில் ஓர் ஓரம் துடித்தது, பிறகு மொத்தமும். அப்பா கண்ணை எடுக்காமலே, "கையெழுத்து எங்க போடணும்மா" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். வரும் வழியில், "லேசா குளிர்ந்தா வேலைநிறுத்தம், என் ரத்தம்தான், சந்தேகமே இல்ல" என்று ஒரே பெருமை.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். கிளம்பி வா என்பது நான் எழுதுவது. ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிரு. ஸ்வெட்டரை மறக்காதே, ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறையில் ஏசி அதிகம். உங்கள் குடும்பத்துக்குக் குளிர் ஆகாது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
சித்தி