மீன்கொத்தியின் இரண்டு நீலம்

மார்ச் 4
தம்பி வீடு மாறுகிறான். அலமாரியைக் காலி செய்யும் வேலை என் தலையில். அடித்தட்டில் அவனுடைய பறவை ஆல்பம் அகப்பட்டது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பிஸ்கட் பாக்கெட்டுக்குள் வந்த கார்டுகள், மொத்தம் ஐம்பது. இருபத்து மூன்றாம் எண் மீன்கொத்தி. என்னுடையது கருநீலம். அவனுடையது பச்சையடிக்கும் நீலம்.

“பாத்து எடுக்கா. டூப்ளிகேட் சரக்கு, கையில கலர் ஒட்டிக்கும்.”

அவனுக்கு அறுபத்து நான்கு வயதாகியும் மறக்கவில்லை! பதினொரு வயதில் மாடிப்படியின் நாலாவது படியில் நின்று, குடியிருப்புப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னவள் நான்: “இது போலி. இவனே கலர் அடிச்சிருக்கான்.” அதற்குப் பிறகு அவனோடு யாரும் கார்டு மாற்றவில்லை. அவன் ஆல்பத்தில் நாற்பத்தொன்றாம் எண், ஆந்தை, இன்றும் காலியிடம்.

மார்ச் 5
என்னிடம் ஆந்தை இரண்டு இருக்கிறது. அன்றும் இருந்தது.

மார்ச் 7
இரண்டு மீன்கொத்திகளையும் தெருமுனை அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அச்சகக்காரர், என் பழைய மாணவர், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“கையால கலர் அடிச்சதா? எந்த அறிவாளி சொன்னது?”

“ஒரு சின்னப் பொண்ணு,” என்றேன்.

“ரெண்டுலயும் புள்ளி புள்ளியா இருக்கு பாருங்க டீச்சர், பிரஷ்ல அடிச்சா இப்படி வராது. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்புன்னு நாலு தடவ அச்சு ஏறணும். மஞ்சள் தூக்கலா விழுந்தா நீலம் பச்சையடிக்கும். ஆறு மாசம் கழிச்சு அதே படத்த மறுபடி ஓட்டினா மை டப்பா வேற, பேப்பர் வேற, மெஷின் ஆளும் வேற. அந்தக் காலத்துல கண்ணுதான் அளவு.”

எனக்குச் சட்டென்று விளங்கியது. காலையில் திருத்திய முதல் விடைத்தாளுக்கும் பசி நேரத்தில் திருத்திய நாற்பதாவது தாளுக்கும் இதே கைதான் மார்க் போட்டது. ஒன்றாகவா இருந்தது? அவரிடம் சொன்னேன்.

“நான் எப்பவும் அந்த நாப்பதாவது பேப்பர்தான் டீச்சர்,” என்றார்.

மார்ச் 8
என் ஆல்பத்தைப் பிரித்தேன். முப்பதாவது கார்டு வரை புல் ஒரு பச்சை. அதற்கு மேல் வேறு பச்சை! என் சட்டப்படி என்னிடம் இருபது போலி.

மார்ச் 9
தம்பியிடம் சொல்லத்தான் போனேன். திரைச்சீலைகளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாக்கியம் — அதற்கு என்ன இவ்வளவு பயம்?

மார்ச் 11
போனில் சொல்லிவிட்டேன். கேலி செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை.

“அம்மாகூட உன்னத்தான் நம்பினாங்கக்கா.” குரல் ஒன்பது வயதுக்குப் போய் வந்தது. பிறகு பழைய தம்பி: “போன்ல எல்லாம் செல்லாது. தீர்ப்பு எங்க சொன்னியோ அங்க வந்து திருப்பிச் சொல்லு.”

நியாயம். வகுப்பில் தப்பாகச் சொன்னதை வகுப்பில்தான் திருத்த வேண்டும் என்று முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவள்தானே நான்.

மார்ச் 15
பழைய குடியிருப்பு. அதே நாலாவது படி. இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. கீழே தம்பி, அவன் மனைவி, இன்னும் அங்கேயே குடியிருக்கும் ‘கோந்து’. கார்டு ஒட்டுகிறேன் என்று ஆல்பத்தையே மேஜையோடு ஒட்டியவள்.

“தம்பியோட கார்டு ஒரிஜினல். நான் சொன்னது தப்பு.”

“சத்தம் பத்தலக்கா. கடைசி பெஞ்சுக்குக் கேக்கல.”

மறுபடியும் சொன்னேன். மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

“எனக்கு அப்பவே சந்தேகம்தான்,” என்றாள் கோந்து. பச்சைப் பொய். அன்று முதலில் கை தட்டியதே இவள்தான்.

மார்ச் 16
காலையிலேயே தம்பி ஆல்பத்தோடு வந்துவிட்டான். ஆந்தையை நீட்டினேன்.

“சும்மா வேணாம். மாத்திக்கலாம்.”

ஆந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். முகர்ந்துகூடப் பார்த்தான்.

“ஒரிஜினல்தானே?”

“நல்லாப் பாத்துக்குங்க சார்.”

திருப்தியானதும் பையிலிருந்து மரங்கொத்தியை எடுத்துக் கொடுத்தான். அன்று மாற்றுவதற்கென்று எடுத்து வைத்திருந்ததாம். என்னிடம் மரங்கொத்தி ஏற்கெனவே இருக்கிறது. சொல்லவில்லை.