பாப்பாத்தியக்காவின் முழங்காலும் ஒட்டாத பேடும்

திங்கள், அக். 27

மழை. மூன்றாம் நாளாக மூக்கடைப்பு, எந்த வாசமும் தெரியவில்லை. என் தொழிலில் சில நாள் அது வரம்.

வாங்க வேண்டியது: பஞ்சு, பேட்டரி, சுக்கு.

நாகலூர் பாப்பாத்தியக்கா வந்தார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். வலது முழங்கால் வலி. அடுத்த வாரம் பறிப்பு தொடக்கம். அதற்குள் தோட்டத்து மேடு ஏற முடியாவிட்டால், கணக்கெழுதும் ரைட்டர் களத்தில் உட்காரவைத்துப் பறித்த பழத்தில் காய் பொறுக்க விடுவார். களத்தில் ஏற்கெனவே ராசம்மா. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி.

"அந்தம்மா பக்கத்துல நாள் பூரா உக்காறதுக்கு இந்த வலியே தேவலைங்க."

நோயாளி விவரத் தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

மின்தூண்டல் கருவி வைத்தேன். முழங்காலைச் சுற்றித் தோலில் ஒட்டும் நான்கு பேட். லேசான மின்சாரம் வலி மூளைக்குப் போகும் வழியை மறிக்கும் என்று விளக்கினேன். முடிப்பதற்குள் இரண்டு பேட் கழன்று விழுந்தன.

"ஏனுங்க டாக்டரே, கரண்டு போயிருச்சுங்களா?"

பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை என்று திருத்துவதை நிறுத்தி நாளாகிறது.

புதன், அக். 29

மூடுபனி. என் கிளினிக் இருக்கும் ஒண்டிக்கடை முக்கில் எதிர்வரிசைக் கடைகளே தெரியவில்லை.

மறுபடியும் கழன்றன. கருவி விற்ற சேலத்துக் கடைக்காரருக்குப் போன். "மலைக் குளிருக்குப் பசை இறுகிக்கும் சார்." மலைமேல் பழிபோடச் சேலத்தார் தயங்குவதே இல்லை. புது பேட் பஸ்ஸில் வருகிறது.

அதுவரை பயிற்சி. காலை நீட்டி, முழங்காலைக் கட்டிலில் அழுத்துவது. அக்கா முகத்தில் ஏமாற்றம். பிளக் இல்லாத வைத்தியத்துக்கு இங்கே மரியாதை இல்லை.

"இதை ஊட்லயே பண்ணலாமேங்க. இதுக்கு எதுக்கு பஸ் ஏறி வரோணும்?"

இன்னும் பத்து முறை அழுத்தச் சொன்னேன்.

வெள்ளி, அக். 31

புது பேட். அதுவும் விழுந்தது. என் கையில் ஒட்டிப் பார்த்தேன். எடுக்கும்போது முடியோடு வந்தது.

காலையில்தான் மூக்கு திறந்திருந்தது. குனிந்தேன். வேப்பெண்ணெய். புகையிலை.

"கால்ல என்னக்கா?"

"அட்டைக்குத் தடவறதுங்க. மழையில களை வெட்டப் போனா தொடை வரைக்கும் ஏறுமுங்க. டாக்டர்கிட்ட போறமேன்னு முந்தானையில துடைச்சுட்டுத்தான் வர்றேன்."

அட்டையே ஒட்டாத காலில் என் பேட் ஒட்டும் என்று இருந்திருக்கிறேன். சேலத்துக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

வெந்நீர், சோப்பு, துணி. ஒட்டியது.

"அய்யய்யோ, எறும்பு ஊருதுங்க!" சற்றுப் பொறுத்து, "இன்னும் ஏத்துங்க. வந்ததுக்கு நல்லா அடிக்கட்டும்."

ஏற்றவில்லை. ஊர்ந்தால் போதும்.

எழுந்தார். மாடிப்படி இறங்கினார், ஏறினார், காட்டுவதற்காக மறுபடி இறங்கினார். இது வலியை அடக்குவது மட்டும்தான், காலுக்குப் பலம் பயிற்சியில்தான் என்றேன். கேட்கவில்லை. ராசம்மாவை நினைத்துக்கொண்டு அழுத்துங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார்.

வியாழன், நவ. 6

வெயில்! துவைத்த துண்டுகள் ஒருவழியாகக் காய்ந்தன.

பறிப்பு தொடங்கிவிட்டது. அக்கா மேட்டில். சாய்வு குறைந்த பக்கம்தான், மெதுவாகத்தான், ஆனாலும் மேடு. போனில் அவரே கத்திச் சொன்னார்.

மதியம் ஒரு அம்மாள். இடது முழங்கால். பெயர் கேட்டேன். ராசம்மா.

"எனக்கும் அந்தக் கரண்டு வைங்க. நானும் மேட்டுக்குப் போகோணும்."

"களத்துல உக்காந்து பாக்கற வேலைதானேங்க?"

"உக்காரலாமுங்க. சண்டை கட்ட ஆளில்லாம பொழுதே போக மாட்டேங்குது. அவிய வருவாங்கன்னு நொம்ப விசயம் சேத்து வெச்சிருந்தனுங்க."

வெந்நீர் எடுக்கத் திரும்பினேன்.

"வேண்டாமுங்க, சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன். சம்பந்தியம்மாதான் சொல்லி அனுப்பிச்சாங்க."