ராத்திரிக்கு ஆயா உண்டா

அன்புள்ள அத்தைக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். தெரு அடங்கிவிட்டது. உங்கள் பிள்ளையும் குட்டியும் தூங்கிவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால், "வவுத்துல புள்ளைய வெச்சிக்கினு இந்நேரத்துல இன்னாடி எழுத்து" என்று அதட்டி விளக்கை அணைத்திருப்பீர்கள். அதட்ட ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாயங்காலம் புடவையை மாற்றிக் கொடியில் போட்டேன். அதிலிருந்து இன்னும் பினாயில் வாசனை வருகிறது. இன்றைக்கு மத்தியானம் அந்த நர்சிங் ஹோமுக்குப் போய்விட்டு வந்தேன். நீங்கள் படுத்திருந்த அதே இடம்தான். முதல் பிரசவம் என் அம்மா வீட்டில் ஆகிவிட்டது, இரண்டாவது இங்கேதான் பார்க்க வேண்டும் என்கிறார் உங்கள் பிள்ளை. "நம்ம அம்மாவ வெச்சிருந்தோமே, அந்த எடம்தான் சுத்தம். நீயே பாத்து எடுத்த எடம்" என்றார். கடைக்கு எண்ணெய் வாங்க வருகிறவர்களிடமும் இதையே சொல்கிறார். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், "என் வீட்டுக்காரியக் கேளு, அவ பாத்துச் சொல்லுவா" என்று அனுப்பிவிடுகிறார். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்புகிறேன். அடக்கமான பொண்ணு என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

உங்களுக்கு இடது கையும் காலும் விழுந்துபோன அந்த மாதம் நினைவிருக்கிறதா? வாய் மட்டும் விழவில்லை. "பாதி ஒடம்புதான் போச்சி, வாய் முழுசா இருக்குது, கடைய நான் பாத்துக்கறேன்" என்று படுத்த இடத்திலிருந்தே விலை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். குட்டி அப்போது தவழவும் ஆரம்பிக்கவில்லை. உங்களைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்கு ஒருத்திக்குப் பலம் போதாது. எங்கள் பக்கம் நிலக்கடலை என்கிற மல்லாட்டை வரத்து நேரம், உங்கள் பிள்ளை விடிந்தால் மண்டி, இருட்டினால் செக்கு. உங்கள் முதுகில் ஒரு இடம் சிவந்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவர், "நல்ல எடமா பாத்துச் சேத்துடலாம். நீ போய்ப் பாரு, நீதான் படிச்சவ" என்றார்.

போனேன். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லூரியில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிற மாதிரி ஒரு மிடுக்கோடு போனேன். கட்டில்களுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். விரிப்பை விரலால் தேய்த்துப் பார்த்தேன். குடிக்கிற தண்ணீர் காய்ச்சினதா என்று கேட்டேன். கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தரை பினாயில் போட்டுக் கழுவி, முகம் தெரிகிற மாதிரி இருந்தது. சுகாதார அதிகாரி வந்து பார்த்துவிட்டு எழுதிப்போகிற புத்தகத்தைக்கூடக் கேட்டு வாங்கிப் படித்தேன். திருப்திகரமாக உள்ளது, திருப்திகரமாக உள்ளது என்று ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் எழுதியிருந்தது. அதிகாரி எப்போது வருவார் என்று கேட்டதற்கு, காலையில் டிபன் முடித்துவிட்டு வருவார் என்றார்கள். அந்தப் பதிலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பகலில் இரண்டு நர்சம்மாக்கள் இருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்கு இரண்டு பேரும் திண்டிவனம் போய்விடுவார்களாம். டாக்டர் இல்லாததால் கம்பவுண்டரைப் பிடித்தேன். அவர் டாக்டரின் அண்ணன் மகன், பின்கட்டில் குடியிருக்கிறவர்.

"ராத்திரிக்கு ஆயா உண்டா?" என்று கேட்டேன்.

"ஆயாவா? இருக்குதே."

"தினமும் இருப்பாங்களா?"

"அது எங்கம்மா போவும்? உசுரு இருக்கற வரிக்கும் இங்கதான்."

எவ்வளவு விசுவாசமான வேலைக்காரி என்று நினைத்தேன், அத்தை.

"கூப்பிட்டா வருவாங்களா?"

"காது கொஞ்சம் மந்தம். கெட்டியா கூப்டா வரும்."

"அப்படின்னா அவங்க கட்டிலை எங்க அத்தை கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுடுங்க."

கம்பவுண்டர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?" என்றார். எங்களுக்கு என்ன தொந்தரவு, அதுதானே வேண்டும் என்றேன். "அப்ப சரிம்மா, அதுக்கும் பேச்சுத் தொணையாச்சி" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்பித்தேன். "பொண்ணு பாக்கப் போன மாதிரி இல்ல பாத்துட்டு வந்துகீற. பாடத் தெரியுமான்னு கேட்டியா?" என்றீர்கள். மறுநாள் ஜட்கா வைத்து உங்களை அழைத்துப்போனோம். பஜார் தாண்டும் வரை வண்டியின் திரையை விலக்கி, யார் கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

அடுத்த நாள் காலையில் இட்லி எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்துக் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தது ஒரு பழுத்த கிழவி. நீங்கள் தூங்கவே இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாடி, படிச்சவளே," என்றீர்கள். "உன் ஆயா ராத்திரி முச்சூடும் என்னத் தூங்க உடல. நீ யாரு பொண்ணு, எந்த ஊருன்னு கேட்டுக்கினே இருக்குது. சொல்லி முடிச்சா மறுபடியும் மொதல்லேருந்து. தண்ணி வேணும்னு அது என்னக் கேக்குது. நான் எந்தக் கால்ல எழுந்து போறது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் இந்த அம்மா என்றேன்.

"யாரா? நீதான கேட்டு வாங்கினியாம். கம்பவுண்டரோட ஆயா. அவன் நைனாவப் பெத்தவ."

வலது பக்கத்து உதடு மட்டும் சிரித்தது. சிரித்துச் சிரித்து உங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தீர்கள்.

எங்கள் பக்கத்தில் பாட்டியைப் பாட்டி என்போம். ஆயா என்றால் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு தினமும்தான் கேட்டேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு, "ஆயாகிட்ட வா, ஆயாகிட்ட வா" என்று நீங்கள் கொஞ்சாத நாள் உண்டா? நம் வீட்டுக்குள் அந்தச் சொல்லுக்கு நீங்கள்தான் அர்த்தம். நர்சிங் ஹோம் வாசற்படி ஏறியதும் அதை எப்படி மறந்தேன் என்று இன்று வரை தெரியவில்லை. ஓட்டையில்லாத கொசுவலையைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, அந்தப் பதிலில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

அன்றைக்கு டாக்டரிடம் போய் நின்றேன். "பொம்பள ஆளு கெடைக்கலம்மா, சொல்லி வெச்சிருக்கேன். ராத்திரி கம்பவுண்டர் இருக்கான் இல்ல" என்றார். கம்பவுண்டர் பின்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. அப்போதெல்லாம் பாதி ராத்திரி கரண்டும் இருக்காது.

திரும்பி வந்து, "வீட்டுக்குப் போயிடலாம் அத்தை" என்றேன்.

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள். "இருக்கட்டும்" என்றீர்கள்.

பிறகு, "எம்புள்ளைகிட்ட இந்த ஆயா கதைய ஒளறாத. காலத்துக்கும் சொல்லிக் காட்டுவான். ஆளு வந்துடும், போ, கொழந்தைக்குப் பால் நேரம்" என்று என்னை அனுப்பினீர்கள்.

நான் போனேன். நீங்கள் சொன்னதால் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, ராத்திரி குட்டியைத் தவிர வேறு யாருக்காகவும் எழுந்திருக்காமல் தூங்கியது எனக்கு இதமாகத்தான் இருந்தது. அதை மறைத்து உங்களிடம் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்த வாரமே குட்டிக்கு அம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினோம். தண்ணீர் ஊற்றுகிற வரையில் நான் வெளியே போகக்கூடாது, வெளியிலிருந்து யாரையும் கூட்டி வரவும் கூடாது. உங்கள் பிள்ளை கடையிலேயே படுத்துக்கொண்டு, பகலில் உங்களை வந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் நின்று, "அம்மா நல்லா இருக்கறாங்க, தரை கண்ணாடி மாதிரி இருக்குது" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போவார். பகலில் போகிற எல்லோருக்கும் அந்தத் தரைதான் தெரிந்தது. அதிகாரிக்கும் அதுதான் தெரிந்தது.

ஒரு விடியற்காலை, பஸ்ஸில் வந்து இறங்கிய நர்சம்மா உங்களைத் தரையில் பார்த்தார்களாம். எந்த நேரத்தில் விழுந்தீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீருக்கா, கொல்லைக்குப் போகவா, அதுவும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆயாவைக் கேட்டதற்கு, "கீழ படுத்துக்கினா குளுமையா இருக்கும்னு படுத்துக்கினாங்க" என்றதாம்.

குட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உங்கள் வாய் அப்போது போய்விட்டிருந்தது. மறுபடியும் வாதம் அடித்ததில் விழுந்தீர்கள் என்றே உங்கள் பிள்ளை நினைத்துக்கொண்டார், இடத்தின் மேல் குறை சொல்லவில்லை. கடைசி நான்கு மாதம் என் கையில்தான் இருந்தீர்கள். எங்கிருந்து வந்ததோ பலம், ஒருத்தியாகவே புரட்டினேன். நினைத்திருந்தால் முதலிலேயே முடிந்திருக்கும் என்பதை அந்த நான்கு மாதமும் தினம் காலையில் தெரிந்துகொண்டேன். தலைவாரிவிடும்போதெல்லாம் ஒன்றைக் கேட்க நினைப்பேன். ஒரு நாள் கேட்டும் விட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு வலது கையால் என் புடவைத் தலைப்பைச் சரி செய்தீர்கள். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

இன்றைக்குப் போனபோது அங்கே புதிதாக ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள். புத்தகத்தைக் காட்ட வந்தார்கள், வேண்டாம் என்றேன். கம்பவுண்டருக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது.

"ராத்திரிக்கு யாரு?" என்றேன்.

"ஆயா இருக்குதும்மா."

"எந்த ஆயா?"

அவருக்குச் சட்டென்று நினைவு வந்து, தலையைச் சொறிந்தார். "வேலைக்கு வெச்ச ஆயாதாம்மா. எங்க ஆயா போன ஆடி மாசம் போய்ச் சேந்துடுச்சி."

வேலைக்கு வைத்தவளைப் பார்க்க வேண்டும் என்றேன். ராத்திரி விழித்திருந்ததால் தூங்குகிறாள் என்றார். அதுவும் நல்லதுதான், தூங்குகிறவளைத்தான் நான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நீங்கள் படுத்திருந்த கட்டிலில் போய்ப் படுத்தேன். கம்பவுண்டர், "இன்னாம்மா, வலி கிலி எடுத்துக்கிச்சா?" என்று பதறினார். இல்லை, நீங்கள் பேசாமல் இருங்கள் என்றேன்.

அந்தக் கட்டிலில் படுத்தால் கதவு தெரியாது, அத்தை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நின்றுகொண்டு எத்தனை பார்த்தேன், ஒரு தரம் படுத்துப் பார்க்கவில்லை. தலைமாட்டுப் பக்கம் கதவு. கண்ணுக்கு எதிரே சுவரும், ஜன்னல் வழியே ஊர் மலையில் ஒரு துண்டும்தான். யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டுமானால் எழுந்து உட்கார வேண்டும். நீங்கள் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள்?

"ஆயா" என்று கூப்பிட்டேன். கத்தவில்லை, உடம்புக்கு முடியாதவர்கள் கூப்பிடுகிற மாதிரிதான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. பக்கத்து ஊரான வல்லத்துப் பெண், நாற்பது வயதிருக்கும், கொண்டையை முடிந்துகொண்டே வந்து நின்றாள். "கூப்ட்டியா? இன்னா ஓணும், தண்ணியா?" என்றாள்.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடித்தேன். அங்கேயே சேர்ந்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையிடம் ஆயா கதையை, இன்றைக்குக் கட்டிலில் படுத்துப் பார்த்தது வரை, முழுவதும் சொன்னேன். சொல்லாதே என்றீர்கள், மீறிவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு, "எங்கம்மா வாய் இருக்கும்போதே ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். சாப்பாட்டில் பாதி வைத்துவிட்டு எழுந்துபோனார். இனிமேல் யாரையும் என்னிடம் கேட்கச் சொல்லி அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் படுக்கப் போகும்போது, "யாராவது வந்து கேட்டா, கட்டில்ல படுத்துப் பாக்கச் சொல்லு" என்றார்.

கேட்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இப்போது அவ்வளவு இருக்கிறது. எனக்குத்தான் ஒன்று பாக்கி.

உங்கள் "இருக்கட்டும்" எனக்குப் பழக்கமானது. தோசை போட வரும்போது இருக்கட்டும் என்பீர்கள், அதற்குப் போடு என்று அர்த்தம். புதுப் புடவை எடுக்கலாமா என்றால் இருக்கட்டும் என்பீர்கள், அதற்கு நிஜமாகவே வேண்டாம் என்று அர்த்தம். மருமகளாக இருந்து இதைப் பிரித்துச் சொல்ல நான் கற்றிருந்தேன். அன்றைக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னதை மட்டும், எனக்கு வசதியான அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நீங்கள் நிஜமாகவே இருக்கிறேன் என்றீர்களா, இல்லை நான் இன்னொரு தரம் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தீர்களா?

ஒரு வரி போதும், அத்தை. பிரசவத்துக்கு இன்னும் ஐந்தாறு வாரம்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்